சும்மா இருக்கையில்

ஸ்பீக்கர் இரண்டும் மார்ச்சிலேயே வந்துவிட்டன.
ரீகாவில் ஒரு வானொலி நிலையத்தை மூடி
ஏலம் விட்ட அன்று
என்னைத் தவிர யாரும் கை தூக்கவில்லை.
உள்ளுக்குள் ஆம்ப் இல்லாத பழைய ரகம்.
யானை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்குக் காசில்லை.
எட்டு மாதமாக அவற்றின் தலையில்
நோர்முண்ட்ஸ் சட்டை காயப்போடுகிறான்.

நவம்பர்.
வாடகை, ஹீட்டர், பல் டாக்டர் போக
தொண்ணூறு யூரோ.

ஸ்பீக்கர் எட்டு ஓம், அறுபது வாட்.
தடையை அளக்கும் சொல்லுக்கு
ஓம் என்று பெயர் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும்.
அறுபதுக்கு அறுபது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
பெரிய ஆம்ப் மெல்லப் பேசும்.
சின்னது மூச்சுத் திணறிக் கத்தும்,
அந்தக் கத்தலில்தான்
ட்வீட்டர் கருகும்.

முதலில் வந்தது உள்ளங்கை அகலப் பெட்டி.
நாற்பத்தைந்து யூரோ, தபால் செலவு இலவசம்.
ஒன்றும் ஓடாதபோதே
எங்கோ எண்ணெய் காய்வது போல ஸ்ஸ்ஸ் என்றது.
நான் பார்வையற்றோர் நூலகத்துக்குப் புத்தகம் வாசிக்கிறவள்.
என் வாக்கியங்களுக்கு நடுவில்
எதுவும் பொரியக்கூடாது.
திருப்பி அனுப்பினேன்.

அடுத்தது கொழுந்தனுடைய ரிசீவர், ஓசி.
என் குரலுக்கு இல்லாத நெஞ்சுக்கூட்டைக் கொடுத்தது.
நான்கு நாள் அதில் மயங்கிக் கிடந்தேன்,
ஒத்துக்கொள்கிறேன்.
ஐந்தாம் நாள்
நோர்முண்ட்ஸின் தும்மலும் அதில் கம்பீரமாகக் கேட்டது.
ஒயரைப் பிடுங்கினேன்.

பொல்டெராயாவில்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம், அய்காரின் கராஜ்.
இழுத்து மூடிய ஸ்கேட்டிங் அரங்கின் ஆம்ப்.
முந்நூறு வாட், பதினான்கு கிலோ, எண்பத்தைந்து யூரோ.
அய்காருக்கு இடது காதை டிஸ்கோ தின்றுவிட்டது.
மூடியில் கை வைத்து,
"நன்றாக ஓடுகிறது" என்றார்.

"சும்மா இருக்கையில் என்ன சத்தம் போடும்?"

யோசித்தார்.
"இதைச் சும்மா இருக்க
யாரும் விட்டதில்லையே, அம்மா."

விசிறி மட்டும்
தலைமுடி உலர்த்துவது போல இரைந்தது.
அவராகவே சொன்னார்:
மெதுவாகச் சுற்றும் விசிறி ஆறு யூரோ,
நாலு திருகு, வீட்டிலேயே மாற்றலாம்.
எண்பத்தைந்தும் ஆறும் தொண்ணூற்றொன்று.
அந்த ஒரு யூரோவை
ஒரு காப்பியில் பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்
மடியில் கிடந்ததைப் பார்த்து,
"இதற்கும் டிக்கெட் உண்டா?" என்றார்.
சிரிக்கத் தெம்பில்லை. தொடை மரத்திருந்தது.

இரவு பதினொன்று.
விசிறி மாற்றி, ஒயர் முடுக்கி,
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு,
இரண்டு முறை பார்த்து
சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றுமில்லை.
அவ்வளவு நல்ல ஒன்றுமில்லை.

போன வருடம் அனுப்பிய நாவலின்
பதினான்காம் அத்தியாயத்தை ஓடவிட்டேன்.
என் குரல், ஒல்லியாக, உள்ளது உள்ளபடி.
அடியில் பிரிட்ஜின் உறுமல்.
பதினோரு புத்தகத்திலும் இருக்கும் அப்படியானால்.
தலையில் கை வைத்தேன்.

பிறகு, ஒரு பக்கம் புரளும் இடைவெளியில்,
சமையலறையில்
ஒருவன் கரண்டியை மேசையில் வைக்கிறான்.
வைப்பது கேட்கக்கூடாதென்று
அவ்வளவு நேரம் எடுத்து
வைக்கிறான்.

வென்ட்ஸ்பில்ஸிலிருந்து ஸ்கைட்ரீட்டே என்ற வாசகி
இரண்டு வருடத்துக்கு முன் எழுதியிருந்தாள்:
"உங்கள் வீட்டில் யாரோ
குதிகால் படாமல் நடக்கிறார்,
என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."
ஏதோ உவமை என்று நினைத்து
நன்றி எழுதிப் போட்டிருந்தேன்.
வணக்கத்தைச் சொல்லவில்லை.

அழித்துத் திருப்பி அனுப்பலாம்.
பதினோரு புத்தகம், குளிர்காலம் முழுக்க வேலை.
பிரிட்ஜை எடுத்துவிட்டு
கரண்டியை விட்டுவைக்க முடியுமா என்று
பார்க்க வேண்டும்.

வாசலில் நோர்முண்ட்ஸ்,
கையில் ஈரச் சட்டை,
குதிகாலைத் தூக்கியபடி.
எங்கே போட என்று கண்ணால் கேட்கிறான்.

"ஸ்பீக்கர் மேல் வேண்டாம்.
ஆம்ப் மேல் வேண்டவே வேண்டாம், சூடாகும்.
தரையில் குதிகாலை வை" என்றேன்,
"ஸ்கைட்ரீட்டே வணக்கம் சொன்னாள்."